வீட்டு வரி கூடிவிட்டதா? வக்கீல் வைக்குமுன் யோசியுங்கள்!

நமது நிருபர்

வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது சேத்தியாத்தோப்பு. கடலூர் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. மேற்கே போனால் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலம். வடக்கே நெய்வேலி நிலக்கரி. தெற்கே வீராணம் ஏரி. ஊருக்குப் பக்கத்திலேயே கூட்டுறவு சர்க்கரை ஆலை. சென்னையிலிருந்து கும்பகோணம் போகும் பஸ்ஸும், சிதம்பரத்திலிருந்து விருத்தாசலம் போகும் பஸ்ஸும் இந்த ஊர்க் குறுக்கு ரோட்டில்தான் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன.

இப்படிப்பட்ட ஊர்களில் முன்பு தோட்டமும் கொல்லையுமாகக் கிடந்த இடங்களில் இன்று மாடி வீடுகள் எழுந்துவிட்டன. ஓடு போய்த் தளம் வந்தது. திண்ணை போய்க் கடை வந்தது. பின்னாலேயே வரியும் வந்தது!

பேரூராட்சி நோட்டீசைக் கையில் வாங்கிப் பார்க்கிறார் வீட்டுக்காரர். போன வருஷம் கட்டிய தொகை வேறு. இதில் இருக்கும் தொகை வேறு. "இது என்ன அநியாயம்!" என்கிறார். அடுத்து அவர் வாயில் வரும் வார்த்தை எது தெரியுமா? "வக்கீலைப் பார்க்க வேண்டியதுதான்!"

பார்க்கத்தான் வேண்டுமா? எப்போது பார்க்க வேண்டும்? எப்போது பார்த்தால் காசுக்குக் கேடு? இதைத்தான் இந்த வாரம் விசாரித்தோம்.

ஊரே வெளியேறிய கதை

வீட்டு வரி என்றால் மனிதனுக்குக் கோபம் வருவது புதிதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் 1810-ம் வருஷம் காசி நகரத்து வீடுகளுக்கு வரி போட்டார்கள். அந்த டிசம்பரில் நகரமே கடையை மூடியது. கொல்லர்கள் உலையை அணைத்தார்கள். பல்லாயிரம் ஜனங்கள் வீட்டை விட்டு வெளியேறித் திறந்த வெளியில் உட்கார்ந்துவிட்டார்கள். சண்டையில்லை, அடிதடியில்லை, உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். மனு மேல் மனு கொடுத்தார்கள். கடைசியில் கம்பெனி சர்க்கார் அந்த வரியைக் கைவிட்டது. காந்தியவாதியான தரம்பால் பழைய ஆவணங்களைத் தேடியெடுத்து 1971-ல் இந்த வரலாற்றைப் புத்தகமாக வெளியிட்டார்.

அது அன்னியன் போட்ட வரி. இன்றைக்கு வரி போடுவது நாமே ஓட்டுப் போட்டு அனுப்பிய மன்றம். தெரு விளக்கும், குடிதண்ணீரும், சாக்கடையும், குப்பை வண்டியும் அந்தக் காசில்தான் நடக்கின்றன. ஆகவே இன்று கேள்வி, "வரி வேண்டுமா வேண்டாமா" என்பதல்ல. "எனக்குப் போட்ட வரி சரிதானா?" என்பதுதான். இந்தக் கேள்விக்குப் பதில் கூச்சலில் இல்லை; கணக்கில் இருக்கிறது.

வரி கூடியது எப்படி?

2022 ஏப்ரலில் தமிழக அரசு நகரப் பகுதிகள் முழுவதற்கும் சொத்து வரியைத் திருத்தி அமைத்தது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகளில் குடியிருப்பு வீடுகளுக்கு நான்கு படிகள் வைத்தார்கள்.

600 சதுர அடி வரை உள்ள வீட்டுக்கு 25 சதவீத உயர்வு.

601 முதல் 1,200 சதுர அடி வரை 50 சதவீதம்.

1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம்.

1,800-க்கு மேல் போனால் 100 சதவீதம்; அதாவது இரட்டிப்பு.

வியாபாரக் கட்டடங்களுக்கு 100 சதவீதம். தொழிற்சாலைகளுக்கும் சுயநிதிக் கல்வி நிலையங்களுக்கும் 75 சதவீதம்.

அதற்குப் பிறகு 2023 ஏப்ரல் 13 முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1998-லேயே இயற்றி, நெடுநாள் கிடப்பில் இருந்த சட்டம் இது. இதன் வரவால், வெள்ளைக்காரன் காலத்து 1920-ம் வருஷ ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டம் விடைபெற்றுக்கொண்டது. பழைய சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இன்று மனு எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மேலே சொன்ன படிகளை இன்னொரு முறை பாருங்கள். 1,200 சதுர அடிக்கும் 1,201 சதுர அடிக்கும் நடுவே என்ன இருக்கிறது? ஒரே ஒரு சதுர அடி! ஆனால் அந்த ஒரு அடியில் 50 சதவீதம் 75 சதவீதமாகிவிடுகிறது. அளவெடுத்த டேப் சற்று வழுக்கினால் வீட்டுக்காரரின் பையும் வழுக்குகிறது. வரித் தகராறுகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ஒரு கணக்குப் போடுவோம்

சேத்தியாத்தோப்பில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரி ஒரு விதவைத் தாயார். மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். வீடு 1,000 சதுர அடி. 2022-க்கு முன் அரையாண்டு வரி 800 ரூபாய். கணக்குக்காகச் சொல்லும் தொகைதான் இது.

சரியான கணக்குப்படி 50 சதவீதம் கூடி 1,200 ரூபாய் வர வேண்டும்.

ஆனால் ரிஜிஸ்டரில் வீடு 1,250 சதுர அடி என்று ஏறிவிட்டது. மாடிப்படிக்குப் பக்கத்தில் போட்டிருந்த கீற்றுக் கொட்டகையையும் சேர்த்து அளந்துவிட்டார்கள். இப்போது என்ன ஆகும்? அடி கூடியதால் பழைய வரியே 1,000 ரூபாய் ஆகிறது. அதன் மேல் 75 சதவீதம். மொத்தம் 1,750 ரூபாய்!

வித்தியாசம் அரையாண்டுக்கு 550. வருஷத்துக்கு 1,100.

அந்த அம்மாளின் அண்ணன் மகன் வருகிறான்.

"அத்தை, சும்மா விடக்கூடாது. சிதம்பரத்துல நமக்குத் தெரிஞ்ச வக்கீல் இருக்காரு. கேஸ் போட்டுடலாம்."

"எவ்வளவு கேப்பாருப்பா?"

"அது ஆகும் அத்தை, ஒரு பத்தாயிரம்."

"வருஷத்துக்கு ஆயிரத்து நூறு ரூபாய்க்குப் பத்தாயிரமா? நீ வரியைக் குறைக்க வந்தியா, என்னைக் குறைக்க வந்தியா?"

அத்தை கேட்ட கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதோடு விட்டுவிடவும் கூடாது. ஏன்? வரி ஒரு வருஷத்தோடு போகிற காரியமல்ல. தவறான அளவு ரிஜிஸ்டரில் நின்றுவிட்டால், 10 வருஷத்தில் 11,000 ரூபாய். இனிமேல் எந்தச் சதவீதம் கூடினாலும் அந்தத் தவறின் மேல்தான் கூடும். புற்று வைத்த சுவரில் சுண்ணாம்பு அடித்தால் போதுமா? புற்றைத்தான் எடுக்க வேண்டும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? விட்டுவிடுவதும் வேண்டாம், வக்கீலிடம் ஓடுவதும் வேண்டாம். பேரூராட்சி அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

முதல் படி அலுவலகப் படி

வரி விதிப்பில் ஆட்சேபம் இருந்தால் முதலில் கேட்க வேண்டியவர் பேரூராட்சிச் செயல் அலுவலர். அவரிடம் கொடுக்கும் மனுவுக்கு வக்கீல் கையெழுத்து தேவையில்லை. சட்டப் பிரிவு எண்கள் தேவையில்லை. தெளிவான தமிழில் ஒரு பக்கம் போதும்.

நோட்டீஸ் வந்த தேதியை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்சேபம் சொல்ல எத்தனை நாள் கெடு என்று நோட்டீசில் பாருங்கள். கெடு தாண்டிய மனு எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் கால் ஒடிந்த குதிரை மாதிரிதான்.

மனுவில் வரி விதிப்பு எண், கதவு எண், தெரு, நோட்டீஸ் தேதி ஆகியவை இருக்க வேண்டும். "வரி அதிகம், ஏழையின் மேல் கருணை காட்டவும்" என்று எழுதினால் பயன் இல்லை. "என் வீடு 1,000 சதுர அடி, ரிஜிஸ்டரில் 1,250 என்று இருக்கிறது, நேரில் வந்து மறுபடி அளந்து பார்க்கக் கோருகிறேன்" என்று எழுதுங்கள். கருணைக்கு ரிஜிஸ்டரில் இடமில்லை. அளவுக்கு இடம் உண்டு.

கூட வைக்க வேண்டியவை: கட்டட அனுமதி வரைபடத்தின் நகல், கிரயப் பத்திர நகல், பழைய வரி ரசீதுகள், வீட்டின் நான்கு புறமும் எடுத்த படங்கள். பக்கத்தில் அதே அளவில், அதே மாதிரி கட்டிய வீட்டுக்கு எவ்வளவு வரி என்று தெரிந்தால் அதையும் குறிப்பிடலாம். ஒரே தெருவில் ஒரே மாதிரி வீட்டுக்கு இரண்டு வரி என்றால், அலுவலகமே பதில் சொல்லியாக வேண்டும்.

மனுவை நேரில் கொடுத்தால் இன்னொரு நகலில் தேதியோடு சீல் போட்டு வாங்குங்கள். தபாலில் அனுப்பினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். "பில் கலெக்டரிடம் வாயால் சொன்னேன், பார்க்கிறேன் என்றார்" என்பது நாளைக்கு எந்த இடத்திலும் செல்லாது.

உங்கள் வீட்டை எப்படி அளந்தார்கள், எந்த வகையில் சேர்த்தார்கள் என்பது தெரியவில்லையா? 2005-ம் வருஷத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போட்டு, அளவுக் குறிப்பின் நகலைக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். ஆனால் அந்தப் பதிலுக்காகக் காத்திருந்து ஆட்சேபக் கெடுவைத் தவறவிட்டுவிடாதீர்கள். முதலில் ஆட்சேபம், கூடவே தகவல் மனு.

செயல் அலுவலரின் முடிவு திருப்தி தராவிட்டால் சட்டம் அடுத்த படியாக மேல்முறையீட்டை வைத்திருக்கிறது. அதற்கும் கெடு உண்டு. ஆகவே முடிவை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். உத்தரவு கையில் இல்லாமல் அப்பீல் செய்ய முடியாது.

சூப்பர் ஸ்டார் கற்ற பாடம்

"அலுவலகத்துக்கெல்லாம் அலைய முடியாது, நேரே ஹைகோர்ட்டுக்கே போய்விடுகிறேன்" என்பவர்கள் உண்டு. அவர்கள் நடிகர் ரஜினிகாந்தின் வழக்கைத் தெரிந்துகொள்வது நல்லது.

கோடம்பாக்கத்தில் அவருக்கு ஸ்ரீராகவேந்திரா கல்யாண மண்டபம் இருக்கிறது. கொரோனா ஊரடங்கு 2020 மார்ச் 24 முதல் வந்தது. கல்யாணம் இல்லை, மண்டபம் காலி. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான அரையாண்டுக்கு சுமார் ஆறரை லட்சம் ரூபாய் சொத்து வரி கேட்டு சென்னை மாநகராட்சி நோட்டீஸ் அனுப்பியது.

கட்டடம் தொடர்ந்து 30 நாளுக்கு மேல் காலியாகக் கிடந்தால் வரியில் பாதிவரை தள்ளுபடி கேட்க அப்போதிருந்த சென்னை மாநகராட்சிச் சட்டத்தில் வழி இருந்தது. அந்தத் தள்ளுபடியைத்தான் அவர் கேட்டார். செப்டம்பர் 23-ம் தேதி மாநகராட்சிக்கு மனுக் கொடுத்தார். பதில் வருவதற்குள் ஹைகோர்ட்டில் வழக்கும் போட்டுவிட்டார்.

அக்டோபர் 14-ம் தேதி வழக்கு நீதிபதி அனிதா சுமந்த் முன் வந்தது. மனுக் கொடுத்து எத்தனை நாள் ஆயிற்று, பதிலுக்குக் காத்திருக்காமல் கோர்ட்டுக்கு ஏன் ஓடி வந்தீர்கள் என்று நீதிபதி கேட்டார். வழக்குச் செலவு விதிக்க நேரிடும் என்று எச்சரித்தார். ரஜினிகாந்தின் வக்கீல் வழக்கை வாபஸ் வாங்கிக்கொள்ள அனுமதி கேட்டார்.

மறுநாளே ரஜினிகாந்த் வரியைக் கட்டினார். மாநகராட்சியிடமே மேல்முறையீடு செய்திருக்கலாம், இந்தத் தவறைத் தவிர்த்திருக்கலாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அனுபவமே பாடம் என்றும் எழுதினார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன? அவர் கேட்ட தள்ளுபடி நியாயமா இல்லையா என்ற கேள்விக்குள் கோர்ட் போகவே இல்லை. வாசல்படியிலேயே கேள்வி வந்துவிட்டது: "உரிய இடத்தில் கேட்டாயா? பதில் வரும்வரை பொறுத்தாயா?" பணம் இருக்கிறது, நல்ல வக்கீல் இருக்கிறார், ஊரறிந்த பெயர் இருக்கிறது. இவை மூன்றும் இருந்தும் அந்த ஒரு படியைத் தாண்ட முடியவில்லை. சேத்தியாத்தோப்பு வீட்டுக்காரருக்கு மட்டும் வேறு சட்டமா இருக்கும்?

வக்கீல் கட்டாயம் தேவைப்படும் இடங்கள்

அதற்காக வக்கீலே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பல்வலிக்குப் பல் டாக்டர்தான் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் போதாது. கீழே சொல்லும் சந்தர்ப்பங்களில் வக்கீலைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

ஒன்று: தகராறு அளவில் இல்லாமல் சட்டத்தில் இருந்தால். கோவில், மசூதி, மாதா கோவில் போன்ற வழிபாட்டு இடங்களுக்கு வரி விலக்கு உண்டு. ஆனால் அதே தர்ம ஸ்தாபனம் தன் இடத்தில் கடைகளைக் கட்டி வாடகைக்கு விட்டால் அந்தக் கடைகளுக்கு விலக்கு உண்டா? இது டேப் வைத்து அளந்து தீர்க்கும் விஷயமல்ல.

இரண்டு: நோட்டீசே கொடுக்காமல், உங்கள் பேச்சைக் கேட்காமல் வரியைக் கூட்டிவிட்டால், அல்லது அதிகாரமே இல்லாதவர் உத்தரவு போட்டிருந்தால். வேறு வழி இருந்தாலும், இப்படிப்பட்ட விதிவிலக்கான நிலைகளில் ஹைகோர்ட் தலையிடலாம் என்று 1998-ல் வேர்ல்பூல் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் வழக்கு அந்த விதிவிலக்கில் சேருமா சேராதா என்பதை வக்கீல்தான் சொல்ல முடியும்.

மூன்று: பல வருஷத்துக்குப் பின்னோக்கி நிலுவை என்று பெரிய தொகையைக் கேட்டால்.

நான்கு: தொகையே பெரிதாக இருந்தால். கல்யாண மண்டபம், அரிசி ஆலை, லாட்ஜ், தனியார் பள்ளிக்கூடம் இவற்றுக்கெல்லாம் ஒரு சதவீதத் தவறே பல ஆயிரம் ரூபாய். அங்கே வக்கீல் கட்டணம் செலவல்ல, விதை நெல்.

ஐந்து: வரித் தகராறுக்குள் பங்காளித் தகராறு ஒளிந்திருந்தால். அண்ணன் தம்பி பாகம் பிரியவில்லை. வரி விதிப்பை ஒருவர் மட்டும் தம் பேரில் மாற்றிக்கொண்டார் என்றால் அது வரி வழக்கல்ல, சொத்து வழக்கு. வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. இதைக் கோர்ட்டுகள் பலமுறை சொல்லிவிட்டன. ஆனாலும் "பேர் மாறிவிட்டது" என்ற பயத்திலேயே குடும்பங்கள் உடைகின்றன. இந்த இடத்தில் காலத்தோடு ஒரு வக்கீலின் யோசனை கிடைத்தால் குடும்பமே பிழைக்கும்.

குண்டூர்க்காரர்கள் காட்டிய வழி

ஒருவருக்குக் கட்டாத செலவு, ஊருக்குக் கட்டும். இதற்குக் குண்டூர் நகரம் நல்ல உதாரணம்.

நமது மாநிலத்தில் இருந்த அதே 1920-ம் வருஷச் சட்டம்தான் அங்கும் இருந்தது. அந்த நாளில் வீட்டின் வாடகை மதிப்பை வைத்து வரி போட்டார்கள். ஒரு வருஷத்துக்கு என்ன வாடகை வரும் என்று பார்த்து, கட்டடத்தின் பங்கில் ரிப்பேருக்காகப் பத்து சதவீதம் கழித்து, மிச்சத்தின் மேல் வரி. சரி, எந்த வாடகை? கையில் வாங்கும் வாடகையா, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி வாங்கக்கூடிய நியாய வாடகையா?

இந்தக் கேள்வி குண்டூர் வரி செலுத்துவோர் சங்கத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. நியாய வாடகைக்கு மேல் மதிப்புப் போடக் கூடாது, அதிகாரி இன்னும் நியாய வாடகையை நிர்ணயிக்காத வீட்டுக்கும் இதே முறைதான் என்று 1970-ல் தீர்ப்பு வந்தது. ஒரு சங்கம் போட்ட வழக்கு, நாடு முழுவதும் வீட்டுக்காரர்கள் எடுத்துக்காட்டும் வழக்காயிற்று.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அந்தத் தீர்ப்பை இன்று அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது. தமிழ்நாட்டில் 1960-ம் வருஷ வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் போய், புதுச் சட்டம் வந்துவிட்டது. நியாய வாடகை என்ற பழைய அளவுகோல் அதோடு போயிற்று. "எங்கப்பா காலத்தில் இப்படித்தான் ஜெயித்தோம்" என்று வாதாடுகிறவர்கள் ஜாக்கிரதை!

பாடம் இதுதான்: ஒரு தெரு முழுவதையும் தவறான வகையில் சேர்த்திருந்தால், 40 வீட்டுக்காரர்கள் 40 வக்கீல் வைக்க வேண்டாம். 40 பேரும் சேர்ந்து ஒரே வக்கீலை வைக்கலாம். ஆளுக்கு 250 ரூபாய் போட்டால் பத்தாயிரம் ரூபாய். அத்தையின் பத்தாயிரம் கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

வரியை நிறுத்தி வைக்கலாமா?

"அப்பீல் போட்டுவிட்டேன்; முடிவு வரும்வரை காலணா கட்டமாட்டேன்" என்பது பலருடைய வீராப்பு. இது ஆபத்து.

அப்பீல் உரிமை என்பது சட்டம் கொடுத்த உரிமை. கொடுக்கும் சட்டம் நிபந்தனையும் வைக்கலாம். வரியைச் செலுத்தினால்தான் அப்பீலைக் கேட்பேன் என்ற நிபந்தனை குஜராத்தில் இருந்தது. அனந்த் மில் வழக்கில் 1975-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. டில்லி மாநகராட்சிச் சட்டத்தில் இருந்த அப்படிப்பட்ட விதியையும் 1992-ல் ஏற்றுக்கொண்டது.

கெடு தாண்டினால் வட்டியும் ஏறும். அப்பீலில் தோற்றால் அசலோடு அதுவும் சேரும். ஆகவே தகராறு இல்லாத தொகையையாவது கட்டிவிடுவது நல்லது. "ஆட்சேபத்துக்கு உட்பட்டுச் செலுத்துகிறேன்" என்று ஒரு கடிதம் கொடுத்து நகலில் சீல் வாங்கிக்கொண்டு கட்டினால், கட்டியதாலேயே ஒப்புக்கொண்டதாக ஆகாது. ஜெயித்தால் அதிகமாகக் கட்டிய பணத்தை வரும் அரையாண்டுகளில் ஈடு செய்யக் கேட்கலாம்.

கையில் காசில்லாதவர்களுக்கு

நியாயம் இருக்கிறது, வக்கீலும் தேவைப்படுகிறது, பணம் இல்லை. என்ன செய்வது?

1987-ம் வருஷச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இவர்களுக்காகவே இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத் திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், அரசு நிர்ணயித்த வரம்புக்குக் கீழே வருமானம் உள்ளவர்கள் ஆகியோர் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். கோர்ட் வழக்குக்கு மட்டுமல்ல; மற்ற அதிகாரிகள் முன் நடக்கும் நடவடிக்கைக்கும், யோசனை கேட்பதற்கும் இந்த உதவி உண்டு.

இதில் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. பெண் என்பதே தகுதி. நாம் மேலே பார்த்த விதவைத் தாயார் பத்தாயிரம் ரூபாய்க்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. கடலூரில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவுக்கு மனுக் கொடுக்கலாம். தாலுகா அளவிலும் கோர்ட் இருக்கும் இடங்களில் குழுக்கள் இருக்கின்றன.

வக்கீலிடம் என்ன கேட்பது?

வக்கீல் வைப்பதென்று முடிவு செய்துவிட்டீர்களா? வக்காலத்தில் கையெழுத்துப் போடுமுன் நான்கு கேள்வி கேளுங்கள்.

இப்போது நான் எந்தப் படியில் நிற்கிறேன்? அடுத்த கெடு எந்தத் தேதி?

நான் ஜெயித்தால் வருஷத்துக்கு எவ்வளவு குறையும்?

உங்கள் கட்டணம் முழு வழக்குக்கா, ஒவ்வொரு வாய்தாவுக்கா? டைப்புச் செலவு, குமாஸ்தா செலவு அதில் சேர்ந்ததா?

இதே மாதிரி வரி விவகாரம் முன்பு நடத்தியிருக்கிறீர்களா?

நல்ல வக்கீல் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். இன்னும் நல்ல வக்கீல், "இதற்கு நான் வேண்டாம், நீங்களே ஒரு மனு எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். அப்படிப்பட்டவரைக் கண்டால் அவர் விலாசத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். என்றாவது பெரிய காரியம் வந்தால் அவரிடமே போகலாம்.

முழு வழக்கையும் ஒப்படைக்காமல், ஒரு முறை யோசனைக் கட்டணம் மட்டும் கொடுத்துக் காகிதங்களைக் காட்டி வருவதும் உண்டு. பல வீட்டுக்காரர்களுக்கு அதுவே போதும்.

காந்தியடிகள் கண்ட உண்மை

தென்னாப்பிரிக்காவில் இளம் வக்கீலாக இருந்தபோது காந்திஜி தாதா அப்துல்லாவின் வழக்கைக் கவனித்தார். எதிரி தயப் சேட், ஒரே ஊரைச் சேர்ந்த உறவினர். 40,000 பவுன் வழக்கு. இரு தரப்பிலும் பெரிய வக்கீல்கள். நாளுக்கு நாள் கட்டணம் ஏறுவதைப் பார்த்தார் காந்திஜி. வழக்கு நடந்துகொண்டே போனால் ஜெயித்தவருக்கும் மிச்சம் இருக்காது என்று தெரிந்துகொண்டார். இருவரையும் மத்தியஸ்தத்துக்குச் சம்மதிக்கச் செய்தார். தீர்ப்பு தாதா அப்துல்லாவுக்குச் சாதகமானது. ஆனால் பணம் முழுவதையும் ஒரே தவணையில் கேட்டால் தயப் சேட் திவாலாகிவிடுவார். ஆகவே நீண்ட தவணைகளில் வாங்கிக்கொள்ளவும் காந்திஜி ஏற்பாடு செய்தார். பிரிந்தவர்களைச் சேர்த்து வைப்பதே வக்கீலின் உண்மையான வேலை என்று அப்போதுதான் உணர்ந்ததாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

வழக்கில் தோற்றவன் செத்தான், ஜெயித்தவன் தோற்றான் என்று நம் கிராமத்துக் கிழவர்கள் சொல்வதும் இதைத்தான்.

ஆகவே வாசகர்களே, வரி நோட்டீஸ் வந்தால் பதற வேண்டாம். முதலில் டேப்பை எடுங்கள். வீட்டை அளந்து பாருங்கள். அடுத்து காகிதத்தை எடுங்கள், மனு எழுதுங்கள். மூன்றாவதாகக் காலண்டரைப் பாருங்கள், கெடுவைத் தவறவிடாதீர்கள். இந்த மூன்றும் செய்தும் நியாயம் கிடைக்கவில்லையென்றால், அல்லது காரியம் உங்கள் கைக்கு மீறியது என்று தெரிந்தால், அப்போது தைரியமாக வக்கீல் வீட்டுப் படி ஏறுங்கள். நீங்கள் எடுத்துப் போகும் அந்த மூன்றும் வக்கீலுக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும்.